அரைக் கரண்டி சாதம்

எங்கள் விடுதி மெஸ்ஸில் இரண்டு பக்கமும் கை கழுவும் தொட்டி உண்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் இரண்டு நீல நிற பக்கெட் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சியதை அதில் தட்டிவிட்டுக் கை கழுவப் போவோம். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, அந்த பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி எடையை நோட்டில் எழுதிக்கொண்டு நின்றேன். உளவியல் படிக்க வந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கோயம்புத்தூரில் பி.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஐந்தாம் செமஸ்டரில் ஒரு ஹானர்ஸ் பேப்பர் இருக்கிறது. கட்டாயம் கிடையாது, கூடுதல் கிரெடிட்டுக்காக விருப்பப்பட்டவர்கள் எடுக்கலாம். அதன் முழுப்பெயர் நீளம். நாங்கள் சுருக்கமாக ஃபீல்டு பேப்பர் என்போம். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர் எடுத்தோம். "எடுக்காதடி, சனிக்கிழமையெல்லாம் போயிடும்" என்று சீனியர் அக்கா ஒருத்தி சொன்னாள். போனது உண்மைதான். இன்னும் இருபது சனிக்கிழமை கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

பேப்பரின் சட்டம் ரொம்ப எளிமை. கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தொடர்பாக உலகத்தில் யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க வேண்டும். படித்ததை இங்கே செய்துபார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்க வேண்டும். பலிக்காவிட்டாலும் மதிப்பெண் குறையாது. பலித்ததாகக் கதை கட்டினால்தான் குறையும். இந்தக் கடைசி வரியை, பேப்பரை நடத்தும் மேடம் முதல் வகுப்பிலேயே இரண்டு தடவை சொன்னார்.

அதே வகுப்பில் அவர் சொன்ன கதையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம். அதன்பின் மக்கள் மத்தியில் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்து, 1935-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் எழுதினார். அதிர்வை உணர்ந்தும் வீடு வாசல் சேதமாகாத ஊர்களில்கூட, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு ஓடியிருக்கிறது. ஏற்கெனவே பயந்துபோனவர்கள் மேலும் பயமுறுத்தும் கதையை ஏன் நம்ப வேண்டும்? அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இதே கேள்வியில் மாட்டிக்கொண்டார். அந்த வதந்தி பயத்தைக் கிளப்பவில்லை, நெஞ்சில் ஏற்கெனவே இருந்த பயத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது என்று யோசித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் அவர் 1957-இல் புத்தகமாக வெளியிட்ட மனமுரண் கோட்பாடு. முதலாண்டிலேயே நாங்கள் அதை மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கியிருந்தோம். அதன் அடியில் பீகாரின் தெருப்பேச்சு இருக்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. "நீங்களும் வெளியே போய்க் காதைத் திறந்து வெச்சிட்டு வாங்கம்மா" என்றார் மேடம். வகுப்பு முடிந்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். விடுதிச் சாப்பாடு வீணாவதை எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றக் கூடாது, அளக்க மட்டும் செய்யுங்கள் என்று உத்தரவு. அளப்பது சாதாரண வேலை என்று நினைத்துத்தான் போனோம். காலி பக்கெட்டின் எடையைக் கழிக்க வேண்டும். ரசத் தண்ணீர் எடையைக் கூட்டிவிடும் என்பதால் வடித்துவிட்டு நிறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் தட்டுகளை எண்ணி எடையைத் தட்டுக்கணக்கால் வகுக்க வேண்டும். தக்காளி சாத நாளும் சாம்பார் நாளும் ஒன்றில்லை, செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும். புள்ளியியல் வகுப்பில் கட்டுப்பாடு, மாறி என்று எழுதிப்போட்ட சொற்களெல்லாம் இங்கே முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையுமாக என் கையில் ஒட்டின. மாலையில் மிச்சத்தை எடுத்துப்போக டெம்போவில் வரும் பன்றிப் பண்ணைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "எந்த நாளு எவ்வளவு வரும்னு என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். கேட்டோம். அவர் கிழமைவாரியாகச் சொன்ன கணக்கு எங்கள் நோட்டோடு அநேகமாக ஒத்துப்போனது. அவர் சொன்னதையும் அறிக்கையில் சேர்த்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டினோம். நிரம்பி வழியும் பக்கெட்டின் படம். அதன் கீழே, நம் விடுதியில் பெரும்பாலானோர் தினமும் சோற்றைக் கொட்டுகிறார்கள், இது நியாயமா என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. படிக்கிற எல்லாருக்கும் உறைக்கும் என்று முழுதாக நம்பினோம். ஒரு வாரம் நிறுத்தோம். பக்கெட் துளிகூடக் குறையவில்லை. புதன்கிழமை கொஞ்சம் கூடியே இருந்தது.

நோட்டைப் பார்த்த மேடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டுரையின் நகலை எடுத்துக் கொடுத்தார். ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் அரிசோனாவிலுள்ள கல்லான மரங்களின் தேசியப் பூங்காவில் செய்த ஆய்வு அது. அங்கே வருபவர்கள் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போவது தீராத தலைவலி. நிறையப் பேர் எடுத்துப்போய்விட்டதால் காடே மாறிவிட்டது என்று ஓரிடத்தில் பலகை வைத்தார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்கும் பலகையை இன்னோரிடத்தில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் பாதையோரம் அடையாளமிட்ட மரத்துண்டுகளைப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். முதல் பலகை இருந்த இடத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு துண்டுகள் காணாமல் போயின. இரண்டாவதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஊரே செய்கிறது என்று எழுதினால், படிக்கிறவர் ஊரோடு சேர்ந்துகொள்கிறார்.

எங்கள் போஸ்டர் அச்சு அசல் அந்த முதல் பலகை! மூன்று பேரும் கட்டுரையை லைப்ரரி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. எங்கோ ஒரு காட்டில் எவரோ கண்டுபிடித்த ஒன்று கோயம்புத்தூர் மெஸ்ஸில் எங்கள் கண்முன்னால் அப்படியே நடந்திருக்கிறதே! ஓடிப்போய் போஸ்டரைக் கிழித்தோம்.

அடுத்து என் தோழி ஹோட்டல் துண்டு ஆய்வோடு வந்தாள். 2008-இல் வெளியானது. ஹோட்டல் அறையில், துண்டை மறுபடி பயன்படுத்திச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று அட்டை வைத்தால் 35 விழுக்காடு பேர் கேட்டார்கள். இங்கே தங்கும் பெரும்பாலானோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினால் அது 44 ஆனது. அதையே நம் மெஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதலாம் என்றாள். மேடம் உடனே இன்னொரு கட்டுரையைக் கொடுத்தார். ஜெர்மனியில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. தவிரவும், உங்கள் விடுதியில் பெரும்பாலானோர் வீணாக்குவதில்லை என்று எழுதினால் அது உண்மையா என்று கேட்டார். உண்மை இல்லை. அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டோம். ஆய்வைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் கற்றுக்கொடுத்து, அதே ஆய்வைச் சந்தேகப்படவும் கற்றுக்கொடுக்கிற வகுப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்? 2015-இல், ஏற்கெனவே வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலானவற்றில்தான் பழைய முடிவு தெளிவாகத் திரும்ப வந்தது. இதை மேடம் எங்களிடம் மறைக்கவில்லை. பாடத்தின் நட்டநடுவில் வைத்தார்.

அப்புறம்தான் கர்ட் லெவின் வந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போன யூத உளவியலாளர். அவருடைய ஒரு பழைய கட்டுரையை விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சத்தமாக வாசித்தோம். இரண்டாம் உலகப்போர் நேரம். நல்ல இறைச்சியெல்லாம் படைவீரர்களுக்குப் போகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க வேண்டும், ஆனால் அவர்களுக்கோ அருவருப்பு. லெவின் செஞ்சிலுவைத் தொண்டுக்காகக் கூடிய பெண்களை ஆறு குழுவாக எடுத்துக்கொண்டார். மூன்று குழுக்களுக்கு அருமையான சொற்பொழிவு. சத்து, சிக்கனம், தேசபக்தி, சமையல் குறிப்பு எல்லாம் அதில் இருந்தது. மற்ற மூன்று குழுக்களில், நம்மைப் போன்ற வீட்டுப்பெண்களுக்கு இதில் என்ன தடை என்று அவர்களையே பேசவிட்டு, கடைசியில் யார் செய்துபார்க்கப் போகிறீர்கள் என்று கைதூக்கச் சொன்னார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காடு பேர் அதுவரை சமைக்காத உறுப்பைச் சமைத்திருந்தார்கள். பேசியவர்களில் 32 விழுக்காடு பேர்.

மூன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் இதுவரை செய்ததெல்லாம் சொற்பொழிவு. ஏன் மிச்சம் வைக்கிறாய் என்று ஒருத்தியிடம்கூட நாங்கள் கேட்கவில்லை!

கேட்டோம். வியாழக்கிழமை இரவு ஸ்டடி ஹாலில் பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்தோம். திட்ட மாட்டோம், பெயர் எழுத மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். முதல் ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. பிறகு முதலாண்டுப் பெண் ஒருத்தி, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள், மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டாவது தடவை வரிசையில நின்னா சாதம் ஆறிப்போயிருக்குங்கக்கா. பொரியல் தீர்ந்துருது. அதான் முதல்லயே நிறைய வாங்கிக்கறேன்." உடனே நாலைந்து குரல், "ஆமாக்கா, நானும்." இன்னொருத்தி, "நான் கொஞ்சம்தாங்கா கேக்கறேன், அவங்க கரண்டியே பெருசு" என்றாள். மிச்சம் வைப்பதற்குத் திமிர் காரணம், பொறுப்பின்மை காரணம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தோம். இங்கே வந்து விழுந்த காரணம் பயம். மறுபடி கிடைக்காதோ என்ற பயம். எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் வருடம் நானும் அப்படித்தான் பயந்து வாங்கியிருக்கிறேன். அதை மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் பரிமாறும் அக்காவிடம் போனோம். பதினைந்து வருடமாகக் கரண்டி பிடிக்கிறவர். "ஏங்கண்ணு, கம்மியா வெச்சா புள்ளைங்க பசியோட போகுதுன்னு வார்டனம்மா என்னையக் கேக்க மாட்டாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது. வார்டனிடம் அனுமதி வாங்கி, அக்காவோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டோம். சாதக் கரண்டியைப் பாதி அளவுள்ளதாக மாற்றுவது. இரண்டாவது தடவை வாங்க வரிசையில் நிற்க வேண்டாம், அக்காவே சூடான சாதத்தோடும் பொரியலோடும் மேசை மேசையாக வருவது. எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. இந்த 'மேசைக்கே வருவது' அக்காவின் யோசனை. கல்யாணப் பந்தியில் அப்படித்தானே செய்கிறோம் என்றார். எந்த ஆய்விதழிலும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

இப்போது மேடம் குறுக்கே வந்தார். ஒரேயடியாக எல்லாருக்கும் மாற்றிவிட்டால், குறைந்தது கரண்டியாலா, பரீட்சை நேரத்துப் பசியாலா என்று எப்படித் தெரியும்? மெஸ்ஸில் இரண்டு வரிசை. ஏ பிளாக் இடது பக்கம், பி பிளாக் வலது பக்கம். தினமும் சமையலறை வாசலில் நின்று காசு சுண்டினோம். தலை விழுந்தால் இடது பக்கத்துக்குப் புது முறை, பூ விழுந்தால் வலது பக்கத்துக்கு. காசு சுண்டும் உரிமையை ஒரு வாரத்துக்குள் அக்கா தனதாக்கிக்கொண்டார். "இன்னிக்குப் பூவு!" என்று அவர் உள்ளே திரும்பிக் கத்துவதும், சமையல்காரர் அண்ணன் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்துக்குச் சின்னக் கரண்டியை நீட்டுவதும் எனக்கு இந்த ஜென்மத்துக்கு மறக்காது. உளவியலில் பரிசோதனை முறை என்று நூறு பக்கம் படித்திருக்கிறேன். அதன் சாரம் முழுவதையும் அந்த ஒரு ரூபாய் நாணயத்தில் பார்த்தேன்.

ஐந்து வாரம் நிறுத்தோம். புது முறை இருந்த பக்கத்தின் பக்கெட் பெரும்பாலான நாட்களில் இலேசாக இருந்தது. சாம்பார் நாளில் வித்தியாசம் தராசைப் பார்க்காமலே தெரிந்தது. காரக்குழம்பு நாளில் ஒன்றும் இல்லை, அந்தக் குழம்பு எங்கள் விடுதியில் யாருக்கும் பிடிக்காது, கரண்டி அதை எப்படிச் சரிசெய்யும்? மொத்தத்தில் எங்களுக்குக் கிடைத்தது சின்ன முன்னேற்றம். சின்னது என்பதற்காக நான் துளியும் வருத்தப்படவில்லை. 2022-இல் வந்த ஓர் ஆய்வை அப்போது படித்துக்கொண்டிருந்தோம். இப்படிப்பட்ட சின்னத் தூண்டுதல்கள் ஆய்விதழ்களில் சராசரியாக 8.7 விழுக்காட்டுப் புள்ளி மாற்றம் காட்டுகின்றன, அரசுகளுக்காகப் பெரிய அளவில் செய்யும் அமைப்புகளிலோ அது 1.4 மட்டுமே என்று அதில் இருந்தது. நிஜ உலகத்தில் நகர்வது இவ்வளவுதான் என்று தெரிந்து, அந்த இத்தனூண்டை நம் கையால் நகர்த்திவிட்டோம் என்று தராசின் முள் காட்டும்போது வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதை நான் வேறெந்தப் பரீட்சையிலும் அனுபவித்ததில்லை.

மற்ற குழுக்களையும் சொல்லாமல் விட மனசில்லை. ஒரு குழு பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு வேலை செய்தது. ஆள் பற்றாத சனிக்கிழமைகளில் நானும் போனேன். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் செய்த ஆய்வுதான் அவர்களுக்கு ஆதாரம். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, பிறகு மூன்று முறை பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி அறிவியல் பாடத்தை மூன்று நிறத்தில் அடிக்கோடிட்டு, காலையும் மாலையும் வாய்விட்டு வாசிப்பாளாம். புத்தகத்தை மூடி, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் நினைவிருப்பதை எழுதச் சொன்னோம். நாலு வரியில் நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "இப்ப புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் வேற மையில எழுது" என்றாள் என் தோழி. மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பெண் தாளை எங்களிடம் ஓடிவந்து காட்டினாள். பக்கம் முழுக்க நீல மை, நடுவே இரண்டே இரண்டு வரி சிவப்பு. "அக்கா, செவப்பு கொறஞ்சிருச்சு!" என்றாள். இந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் இரண்டு பேனா. பழைய தாள் சும்மாவே கிடைத்தது.

இன்னொரு குழு, ஆட்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதைப் பார்க்க ரயில்வே கேட் பக்கம் போனது. பெரிய உருவம் வேகமாக வந்தாலும் கண்ணுக்கு மெதுவாக வருவது போலத் தெரியும் என்பதை வைத்து, மும்பை வடாலாவில் தண்டவாளக் கட்டைகளுக்கு மஞ்சள் பூசிய முயற்சியை அவர்கள் படித்தார்கள். பூசிய கட்டைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தால் ரயிலின் வேகம் புரிந்துவிடும். அவர்களால் இங்கே எதையும் பூச முடியவில்லை, அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் எங்கே, எந்த நேரத்தில், யார் குறுக்கே கடக்கிறார்கள் என்று அவர்கள் வரைந்து வந்த படம் எங்கள் வகுப்பிலேயே அழகான வேலை என்பேன்.

இந்த பேப்பரை எடுக்கும் முன் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால், உளவியல் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராவேன். "அப்ப நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்" என்பார்கள். இப்போது அதே கேள்வி வந்தால் கரண்டிக் கதையைச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் முழுதாகச் சொன்னேன். அவர் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவர். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "எங்க கடையில மாசத்துல முதல் மூணு நாளும் அடிச்சுப் பிடிச்சு வர்றாங்களே, அதுவும் இதே பயந்தானம்மா?" என்றார். நானும் அப்பாவும் ராத்திரி பதினொரு மணிவரை அதைப் பேசிக்கொண்டிருந்தோம். நான் படித்த ஒன்றைப் பற்றி அவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்லூரியில் சேரப்போகும் தம்பி தங்கைகளே, உங்கள் துறையில் இப்படி ஒரு பேப்பர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இல்லையென்றால் பாடத்திட்டத்தில் ஏன் இல்லை என்று துறைத்தலைவரைப் போய்க் கேளுங்கள். பெரிய ஆய்வகமோ பணமோ வேண்டியதில்லை. எங்களுக்கு ஆன செலவு வாடகைத் தராசும் இரண்டு சின்னக் கரண்டியும்தான். செமஸ்டர் முடிந்து தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கரண்டிகள் மெஸ்ஸிலேயே இருக்கின்றன. இப்போது இரண்டு வரிசையிலும் அவைதான் ஓடுகின்றன, பொரியலை எடுத்துக்கொண்டு அக்கா மேசை மேசையாக வருகிறார்.